ஆயர் எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,
என் மகள் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் படிக்கிறாள். ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பிற மதத்தவர். மாதத்தின் முதல் வெள்ளித் திருப்பலிக்கு (பூசைக்கு) ஒரு வகுப்பு அளவுக்குக்கூட ஆள் வருவதில்லையாம். பெயரில் மட்டும்தான் கத்தோலிக்கம் இருக்கிறது. ஆயர் (பிஷப்) நேரடியாகக் கண்காணித்தால்தான் சரிவரும் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(பெயர் வேண்டாம்), பெரம்பூர்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஆயருக்கு அந்த உரிமை ஏற்கெனவே உண்டு. 1990 ஆகஸ்ட் 15 அன்று திருத்தந்தை (போப்) இரண்டாம் ஜான் பால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பற்றி வெளியிட்ட ‘எக்ஸ் கோர்தே எக்லேசியே’ என்ற ஆவணம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. பல்கலைக்கழகங்களோடு மற்ற கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மை ஆகிவிடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அந்த வகையில் உங்கள் ஆதங்கத்துக்கு ஆதாரம் உண்டு. ஆனால் கண்காணிப்பு முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு பெரு நாட்டின் லிமா நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். பேராயரோடு நிர்வாகம், சொத்து பற்றி வந்த தகராறில், ‘கத்தோலிக்க’ என்ற பெயரையே பயன்படுத்தக் கூடாது என்று 2012-ல் வத்திக்கான் உத்தரவிட்டது. சமரசம் வர 2016 ஆகிவிட்டது.

திருப்பலி விஷயத்தில் உங்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அரசு உதவி பெறும் கல்லூரியில் யாரையும் வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு அதைத் தடுக்கிறது. மேலே சொன்ன திருச்சபை ஆவணமும் ஒவ்வொருவருடைய மனச்சான்றின் சுதந்திரத்தை முழுமையாக மதிக்கச் சொல்கிறது. விருப்பப்பட்டு வருகிற பத்துப் பேர் போதும்.

நான் கவலைப்படுவது அட்மிஷன் மேசையைப் பற்றி. சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை 30(1) பிரிவு தருகிறது. அந்த உரிமையின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது? கத்தோலிக்கர் ஒதுக்கீட்டில் சேர திருமுழுக்குச் (ஞானஸ்நானம்) சான்றிதழும் பங்குத்தந்தையின் (உள்ளூர் ஆலயப் பாதிரியாரின்) கடிதமும் கேட்பார்கள். உங்களுக்கே தெரிந்திருக்கும். வியாசர்பாடிப் பக்கம் ஒரு தலித் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் அந்த மேசைக்கு வருகிறாள் என்று வையுங்கள். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக இருந்தால் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார்கள். அதனால் பல வீடுகளில் சாதிச் சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்றே இருக்கும், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்கும் போவார்கள். திருமுழுக்குச் சான்றிதழைக் காட்டினால் சலுகை போய்விடுமோ என்ற பயம். காட்டாவிட்டால் கத்தோலிக்கர் பட்டியலில் பெயர் வராது. இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு எதை நீட்டுவது என்று தெரியாமல் அந்தப் பெண் நிற்கிறாள். அவளை உள்ளே அழைத்துக்கொள்ள வழி தேடாத கல்லூரி, சுவருக்குச் சுவர் சிலுவை மாட்டினாலும் கத்தோலிக்கக் கல்லூரி ஆகாது என்பது என் உறுதியான கருத்து. ஆயர் கண்காணிக்கட்டும், தாராளமாக. இந்த மேசையிலிருந்து தொடங்கட்டும். அப்புறம், ஆசிரியர் பணியிடங்கள் எப்படி நிரப்பப்படுகின்றன என்பதையும் பார்க்கட்டும்.

நீங்கள் ஒன்று செய்யலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் பங்கிலிருந்து (ஆலயச் சமூகத்திலிருந்து) எத்தனை பேர் கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, அதில் தலித் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பங்குப் பேரவையில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.