மூக்கும் போச்சு, பொறுமையும் போச்சு

கேள்வி: என் வீட்டுக்காரர் பாம்பன்ல போட்டுக்குப் போறவர். அஞ்சு மாசம் முன்னாடி போட்ல வழுக்கி மல்லாக்க விழுந்து பின்மண்டைல அடி. சிடி ஸ்கேன் எடுத்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. இப்ப கருவாடு வறுத்தாக்கூட வாசனை தெரியலைங்கறாரு, மீன் குழம்பு வெந்நீர் மாதிரி இருக்குன்னு தட்டைத் தள்ளுறாரு. அதிர்ந்து பேசாத மனுஷன் இப்ப எடுத்ததுக்கெல்லாம் எரிஞ்சு விழறாரு, கைல காசும் தங்கல. மாமியார் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போங்கறாங்க. நடிக்கிறாரோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு.
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: நடிக்கலம்மா. மூக்குக்கு ஒண்ணு, கோவத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வியாதியும் இல்ல, பெரும்பாலும் அடி பட்டது ஒரே இடத்துலதான். மூக்குக்குள்ள மேல் உச்சியில சல்லடை மாதிரி ஒரு எலும்பு இருக்கு, வாசனை நரம்பு நூல் நூலா அந்த ஓட்டை வழியாத்தான் மூளைக்குப் போகுது. வேகமா போற வள்ளம் திடீர்னு தட்டி நின்னா உள்ள இருக்க ஐஸ் பெட்டி சறுக்கும்ல, அப்படித்தான் பின்மண்டைல அடி விழுந்தா மூளையும் உள்ள சறுக்கும், முன்பக்கமும் அடி படும், அந்த நூலெல்லாம் தூண்டில் தங்கூசி மாதிரி அறுந்துடும். அதுக்கு நேர் மேல, கண்ணுக்கு மேல இருக்க மூளைதான் கோவத்தை அடக்குறது, காசை யோசிச்சு செலவு பண்ண வைக்கிறது எல்லாம். அங்க அடி பட்டா சிடில தெரியாமப் போகலாம், எம்ஆர்ஐ எடுத்தா தெரிய வாய்ப்பு அதிகம்.

சந்தேகம்னா நாக்குல உப்பு வச்சுப் பாருங்க, கரெக்டா சொல்வாரு, காபித்தூளைக் காட்டினா முழிப்பாரு. ஏன்னா உப்பு புளிப்பு நாக்கு வேலை, குழம்போட ருசி முக்காவாசி மூக்கு வேலை. வெங்காயம் நறுக்கும்போது சுருக்குங்குதே, அது வேற நரம்பு, அத வச்சு வாசனை தெரியுதேன்னு சண்டைக்குப் போயிடாதீங்க!

திரும்பி வருமான்னா, கொஞ்ச பேருக்கு வரும், வர்றது பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்ள. 2009ல ஜெர்மனில தாமஸ் ஹம்மல்னு ஒரு டாக்டர் குழு ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நாலையும் காலைல சாயங்காலம் 12 வாரம் மோந்து பழக்கிப் பார்த்தாங்க, சிலருக்கு முன்னேற்றம் இருந்துச்சு. தலையில அடி பட்டவங்களுக்கு பலன் கம்மிதான், ஆனா செலவில்லாத வைத்தியம், ஆரம்பிங்க. நடுவுல நல்ல மீனே நாறுதும்பாரு, பயந்துறாதீங்க, சில பேருக்கு அப்படி ஆகும்.

அதுவரைக்கும் கேஸ் அடுப்பை அவரை நம்பி விடாதீங்க, லீக்கானா நமக்குத் தெரியணும்னுதான் அந்த நாத்தத்தையே கலக்குறாங்க, அவருக்கு அதுவும் தெரியாது. போட்ல டீசல் ஒழுகினாலும் அதே கதைதான், கூடப் போறவங்ககிட்ட சொல்லி வைங்க. பங்குக் காசு கொஞ்ச நாளைக்கு உங்க கைக்கு வரட்டும். குனியும்போது மூக்குல தண்ணியா சொட்டுதுன்னா மட்டும் அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடணும், அது சளி இல்ல, மூளையைச் சுத்தி இருக்க நீரா இருக்கலாம்.

மாமியார் மனசுக்காக ஏர்வாடி போயிட்டு வாங்க, ஆனா அதுக்கு முன்னாடி மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரில நியூரோவும் ஈஎன்டியும் பாத்துடுங்க. டாக்டர் ரூமுக்குள்ள நீங்களும் கூடப் போங்க. இந்த மாதிரி அடி பட்ட நிறைய பேருக்கு தான் மாறிட்டோம்னே தெரியாது, எனக்கென்ன நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுவாரு.