எம்பரரா, கிங்கா? பெங்குயின் பத்தி நம்ம மலைக்காரங்க கேட்டதும் என் பதிலும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருந்து வந்த பெங்குயின் கேள்வி எல்லாத்துக்கும் ஒரே மூச்சுல பதில் போட்டுடறேன். முக்கால்வாசி பேர் கேட்டது எம்பரரும் கிங்கும் ஒண்ணு தானேன்னு. ஒண்ணு இல்ல, ஆனா ரொம்ப நெருங்கின சொந்தம். அப்டெனோடைட்டிஸ்ங்குற பேரினத்துல இன்னிக்கு உயிரோட இருக்குறது இது ரெண்டு மட்டும் தான்.

கோத்தகிரி டீச்சர்: ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சா ஒரே மாதிரி தாங்க தெரியுது, பசங்களுக்கு எப்படி சொல்றது?

காது பக்கம் பாக்க சொல்லுங்க டீச்சர். கிங்குக்கு அங்க பளிச்சுன்னு ஆரஞ்சு, ஓரம் நல்லா தெளிவா முடிஞ்சிருக்கும். எம்பரருக்கு மஞ்சள், அது நெஞ்சுப்பக்கம் இறங்க இறங்க வெளுத்து வெள்ளையோட கலந்துடும். சைஸ்ல எம்பரர் தான் பெருசு, நாலடிக்கு கொஞ்சம் கம்மி, நல்லா தின்னு கொழுத்த ஆண் 40 கிலோ கூட வரும். கிங் மூணடி, 11ல இருந்து 16 கிலோ. ஆனா எடையை விட சுவாரஸ்யம் அலகுல தான் இருக்கு. கிங்குக்கு அலகும் துடுப்பு இறக்கையும் உடம்புக்கு நீளமா இருக்கும், எம்பரருக்கு ரெண்டுமே உடம்போட பாத்தா சின்னது, கால்ல கூட விரல் வரைக்கும் இறகு மூடியிருக்கும். வெளிய நீட்டிட்டு இருக்குற பாகம் வழியா தான் உடம்பு சூடு போகும், அதனால குளிர் ஜாஸ்தியான இடத்துக்காரன் எல்லாத்தையும் சுருக்கி வச்சிருக்கான்.

தலைக்குந்தா தம்பி: அண்ணா, ஜனவரில நம்ம ஊர்ல புல்லு மேலயே வெள்ளையா உறைபனி விழுது, இங்க கொண்டாந்து விட்டா வாழுமா?

தம்பி, எம்பரருக்கு நம்ம உறைபனி எல்லாம் வெயில் காலம்டா. அது அடைகாக்குற நேரத்துல அண்டார்டிகால மைனஸ் 40க்கு கீழ கூட போகும். கிங்குக்கு வேணா கொஞ்சம் பழகின வாடையா இருக்கும், ஏன்னா அது ஐஸ் மேல குடும்பம் நடத்துற பறவையே இல்ல. தெற்கு ஜார்ஜியா, குரோசே, கெர்கெலன், மக்குவாரி மாதிரி தீவுல, மழையும் காத்தும் புல்லும் சேறுமா இருக்குற கரையில தான் இருக்கும், மக்குவாரில வருஷ சராசரியே 5 டிகிரி கிட்ட. ஆனாலும் இங்க தாங்காது, குளிர் பத்தாததுனால மட்டும் இல்ல, பூஞ்சையால. ஜூலை மாசம் நம்ம வீட்டு செவுரு, ஷூ, பெல்ட்டுன்னு எல்லாத்துலயும் பூஞ்சை பூக்குதுல்ல, அஸ்பெர்ஜில்லஸ்னு ஒரு வகை பூஞ்சையோட தூள் மூச்சுல போச்சுன்னா பெங்குயினுக்கு நுரையீரல் காலி. ஜூவுல வளர்க்குறவங்க இதுக்கு தான் ரொம்ப பயப்படுவாங்க, காத்தை வடிகட்டி தான் உள்ள விடுவாங்க. மும்பை பைகுல்லா ஜூவுல இருக்கேன்னு கேப்ப, அது ஹம்போல்ட் பெங்குயின், பெரு, சிலி கடற்கரைக்காரன், அதுக்கே அங்க ஏசி ரூம்.

குன்னூர் அக்கா: அப்பா தான் அடைகாக்கும்னு டிவில பாத்தேன், ரெண்டுலயும் அப்படியா?

இல்லக்கா, எம்பரர்ல மட்டும். மே, ஜூன்ல, அங்க நல்ல குளிர்காலம் ஆரம்பிக்கும்போது, அம்மா ஒரே ஒரு முட்டை போடும், கிட்டத்தட்ட 450 கிராம். ரெண்டும் கூடு கட்டாது, முட்டையை பாதத்து மேல வச்சு வயித்து தோல் மடிப்பால மூடிக்கும், இது கிங்குக்கும் எம்பரருக்கும் பொது. இப்ப எம்பரர் அம்மா முட்டையை அப்பாகிட்ட மாத்தணும், அதைப் பாத்தா நமக்கே பதறும். ரெண்டும் நெஞ்சோட நெஞ்சா நின்னு, அம்மா மெதுவா காலை விரிக்கும், முட்டை ஐஸ்ல உருளும், அப்பா அலகால இழுத்து தன் பாதத்து மேல ஏத்தும், கொஞ்ச நேரம் ஐஸ்ல கிடந்தாலே உள்ள இருக்குற கரு உறைஞ்சு போயிடும். மாத்தினதும் அம்மா கடலுக்கு கிளம்பிடும், ரெண்டு மாசம் கழிச்சு தான் வரும். அப்பா 65 நாள் கிட்ட அடைகாக்கும், அதுக்கு முன்னாடி ஜோடி தேடின நாளையும் சேத்தா கிட்டத்தட்ட நாலு மாசம் பட்டினி, பனியை கொத்தி தின்னா உண்டு. அம்மா வர லேட்டாகி குஞ்சு முன்னாடியே பொரிஞ்சிட்டா, அந்த பட்டினி வயித்துலயும் தொண்டையில இருந்து பால் மாதிரி ஒண்ணை கக்கி குடுக்கும்.

எம்பரர் அப்பாங்க குளிருக்கு ஆயிரக்கணக்குல ஒட்டி ஒட்டி நிக்கும், உள்ள இருக்குறது வெளிய, வெளிய இருக்குறது உள்ளன்னு நகந்துட்டே இருக்கும், என் இடம்னு சண்டை கிடையாது. கிங் இதுல நேர் எதிர். அம்மா அப்பா மாத்தி மாத்தி ஷிப்ட் போட்டு 54 நாள் கிட்ட அடைகாக்கும், பக்கத்து வீட்டுக்காரன் ஒரு கொத்து தூரத்துக்குள்ள வந்தா அடி தான்.

கூடலூர் அண்ணன்: போன வருஷமா அதுக்கு முந்தியா, அப்பா அம்மாவை விட பெருசா ஒரு பிரவுன் குஞ்சு வைரல் ஆச்சே, அது என்னது?

அது பேர் பெஸ்டோங்கண்ணா, 2024ல, மெல்போர்ன் அக்வேரியத்துல. கிங் பெங்குயின் குஞ்சு, எடை 22 கிலோ தாண்டி போச்சு. அந்த பிரவுன் கோட்டை பாத்து அந்தக் காலத்து மாலுமிங்க இது வேற ஜாதி பெங்குயின்னே நினைச்சாங்க. எம்பரர் குஞ்சு சாம்பல் கலர், கருப்பு தலையில வெள்ளை முகம், காலண்டர்ல வரதெல்லாம் அது தான்.

கிங் குஞ்சு ஏன் அப்படி கொழுக்குதுன்னா, குளிர்காலம் முழுக்க கரையிலயே நிக்கணும், அப்ப அப்பா அம்மா எப்பவாச்சும் தான் சோறு கொண்டு வரும், சில சமயம் மாசக்கணக்குல வராது. அதனால ஒரு குஞ்சை ஆளாக்கி கடலுக்கு அனுப்ப 13, 14 மாசம் ஆகும், மூணு வருஷத்துக்கு ரெண்டு குஞ்சு தேறினாலே பெருசு. எம்பரர் அவசரக்காரன், குளிர்ல பொரிச்சு டிசம்பர், ஜனவரில கடல் ஐஸ் உடையறதுக்குள்ள குஞ்சை அனுப்பியாகணும்.

மஞ்சூர்: யார் ஆழமா முங்குவா?

எம்பரர். 564 மீட்டர் வரைக்கும் பதிவு இருக்கு, ஒரு முங்குல 32 நிமிஷம். கிங்கும் 300 மீட்டர் தாண்டும், விளக்குமீன் தான் அதுக்கு முக்கிய சாப்பாடு.

கொடைக்கானல்ல இருந்து ஊட்டி வந்தவர்: இவ்ளோ ஒத்துமை இருந்தும் ஏன் ரெண்டு இனம்?

உங்க ஊர் பழனி சிலப்பன் குருவியையும் எங்க நீலகிரி சிலப்பன் குருவியையும் நினைங்க சார். நெஞ்சு சாம்பலா இருந்தா உங்களது, செம்பழுப்பா இருந்தா எங்களது, நடுவுல பாலக்காடு கணவாய். பெங்குயின்களுக்கு நடுவுல கணவாய் இல்ல, குஞ்சு வளக்குற தரை தான் பிரிக்குது. ஒருத்தனுக்கு உறைஞ்ச கடல், இன்னொருத்தனுக்கு சேத்துக் கரை. மேல சொன்ன பட்டினி, கூட்டம், 14 மாசம் எல்லாமே அந்த தரைக்கு ஏத்த வாழ்க்கை தான்.

அருவங்காடு: எதுக்கு ஆபத்து அதிகம்?

எம்பரருக்கு தான் நேரடி அடி. 2022ல அண்டார்டிகா ஓரத்து பெல்லிங்ஸ்ஹவுசன் கடல்ல ஐஸ் முன்னாடியே உடைஞ்சு, ஆராய்ச்சிக்காரங்க கவனிச்ச அஞ்சு காலனில (கூட்டமா குஞ்சு பொரிக்குற இடம்) நாலுல குஞ்சு ஒண்ணும் தேறல, நீந்துறதுக்கு வேண்டிய இறகு முளைக்கும் முன்னாடியே தரை போயிடுச்சு. கிங்குக்கு அடி சுத்தி வளைச்சு வரும், கடல் சூடான வருஷத்துல மீன் இருக்குற குளிர்த்தண்ணி தெற்க தள்ளிப் போயிடும், அப்பா அம்மா அவ்வளவு தூரம் போய் திரும்புற வரைக்கும் குஞ்சு கரையில காஞ்சு கிடக்கணும்.

ஊட்டி, பேர் போட வேணாம்னு சொன்னவர்: வாழ்நாள் முழுக்க ஒரே ஜோடியாமே?

அது சும்மா கதை. எம்பரர்ல அடுத்த வருஷமும் அதே ஜோடின்னு சேருறது 15 சதவீதம் தான், கிங்கும் பெரும்பாலும் ஆளை மாத்திடும். அந்த சீசன் முழுக்க மட்டும் உண்மையா இருக்கும், ஆயிரம் பேர் கத்துனாலும் தன் ஜோடி குரலை கண்டுபிடிச்சிடும். கல்யாண பத்திரிகையில பெங்குயின் படம் போட்டாச்சுன்னா விடுங்க, சொந்தக்காரங்க யாரும் இதை படிக்க போறதில்ல.