நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் இயற்கை வளங்களை எப்படிச் சேர்ப்பது?

உள்ளூர் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தோடு இயற்கை வள மேலாண்மையை எப்படி இணைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. வழக்கமாகச் சாலை, மனை எல்லாம் வரைந்த பிறகு மிச்ச இடத்துக்குப் பச்சை பூசுவார்கள். முதலில் மண், சரிவு, நீரோட்டம், நிலத்தடி நீர் ஊறும் இடம் எல்லாவற்றையும் தனித்தனி வரைபடமாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கோடையில் சும்மா காய்ந்து கிடக்கிற பள்ளத்தில்தான் மேட்டுத் தண்ணீர் முழுக்க வந்து நிற்கும், நிலத்துக்குள் இறங்கும். அங்கே மனை போட்டால் மழையில் வீட்டுக்குள் வெள்ளம், கோடையில் கிணற்றில் தண்ணீர் இருக்காது.

அப்புறம், தண்ணீருக்கு நிர்வாக எல்லை தெரியாது. நீர்ப்பிடிப்புப் பகுதி மூன்று ஊர்களில் பரவியிருந்தால் மூன்றும் சேர்ந்து உட்கார்ந்தாக வேண்டும். என்னைக் கேட்டால், சிரமமே இதில்தான். முடிவானதைக் கட்டட அனுமதி விதியிலும் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் வரைபடம் அலமாரியில் தூங்கும்.