படவட்டுப் பெட்டிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சிங்கப்பூரில் சபுராளியாக (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவராக) இருந்த என் பெரிய மாமா கொண்டுவந்த, கண்களில் வைத்துப் படம் பார்க்கும் வியூ மாஸ்டர் பெட்டியும் அதற்குள் போடும் பட வட்டுகளும் இன்றும் எங்கள் வீட்டில் உள்ளன. தாஜ்மகாலைக் காட்டும் மிகப் பழைய வட்டில் நிறம் அப்படியே இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து வாங்கிய தொலைக்காட்சித் தொடர் வட்டில் மட்டும் எல்லோருடைய முகமும் செங்கல் நிறமாகிவிட்டது. உப்புக்காற்றுதான் காரணமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: நம் கரையில் எது கெட்டாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான் விழுகிறது; இந்த முறை அதை விடுவித்துவிடலாம். காரணம் பிலிமில் உள்ள சாயம். அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரைச் சேர்ந்த சாயர்ஸ் நிறுவனம் 1939-இல் இந்தப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கோடாக் நிறுவனத்தின் கோடாக்குரோம் பிலிமைப் பயன்படுத்தியது. இருட்டில் வைத்திருந்தால் பல பத்தாண்டுகளானாலும் அதன் நிறம் பெரிதாக மாறுவதில்லை. 1966-இல் சாயர்ஸ் நிறுவனம் ஜி.ஏ.எஃப். என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் பிறகு, 1970-களின் பிற்பகுதியில், மலிவான வேறு பிலிமில் வட்டுகள் அச்சாகத் தொடங்கின. அத்தகைய பிலிமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடுவதால் செம்மை மட்டும் எஞ்சி நிற்கிறது. போன சாயத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஸ்கேன் செய்து கணினியில் ஓரளவு சரிசெய்து பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. தாஜ்மகால் வட்டைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. கோடாக்குரோம் இருட்டைத் தாங்கும் அளவுக்கு வலுவான வெளிச்சத்தைத் தாங்காது. ஆகவே வட்டைப் பெட்டிக்குள்ளேயே விட்டு ஜன்னலோரத்தில் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: சிறுவயதில் டூரிங் டாக்கீஸுக்குப் பின்னால் பொறுக்கிய பிலிம் துண்டுகளை வைத்து, குண்டு பல்புக்குள் தண்ணீர் நிரப்பி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, வேட்டியில் படம் காட்டுவோம். வியூ மாஸ்டரில் வரும் திரைப்பட, தொலைக்காட்சித் தொடர்க் காட்சிகளும் அப்படிப் பிலிமிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவைதானா?
– வாசகர், தொண்டி

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நீங்கள் பொறுக்கிய துண்டுகளை எத்தனை சேர்த்தாலும் வியூ மாஸ்டரின் ஆழம் அவற்றில் வராது. சாதாரணத் திரைப்படக் கேமரா ஒரே லென்ஸ் வழியாகப் பார்ப்பது. நாமோ சற்று விலகியிருக்கும் இரண்டு கண்களால் பார்க்கிறோம். அந்த இரண்டு பார்வைகளையும் தனித்தனியே படமெடுத்து, ஒவ்வொன்றையும் உரிய கண்ணுக்கு மட்டும் காட்டினால், மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உண்டாக்கிக்கொள்கிறது. இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் இதை விளக்கியது 1838-இல். வியூ மாஸ்டர் வட்டில் பதினான்கு சிறு படங்கள் இருந்தும் ஏழு காட்சிகளே தெரிவது இதனால்தான். ஒரு காட்சியின் இரு படங்களும் வட்டின் நேரெதிர் விளிம்புகளில் இருக்கின்றன. நெம்புகோலை ஒருமுறை அழுத்தினால் வட்டு ஏழில் ஒரு பங்கு சுற்றி அடுத்த இணையைக் கண்களுக்கு முன் நிறுத்துகிறது.

ஆகவே ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வட்டுப் போட வேண்டுமானால், படப்பிடிப்புத் தளத்திற்கே இரட்டை லென்ஸ் கேமராவுடன் ஓர் ஆளை அனுப்பி, நடிகர்களை நிற்க வைத்துத் தனியாகப் படமெடுத்தார்கள். ஸ்டார் டிரெக் தொடரின் ஒரு கதை இப்படி மூன்று வட்டுகளும் இருபத்தொரு காட்சிகளுமாக 1968-இல் வெளிவந்தது. கார்ட்டூன் கதைகளுக்கும் தேவதைக் கதைகளுக்கும் நடிகர்கள் இல்லாததால், களிமண்ணில் சிறு உருவங்களைச் செய்து, குட்டி அரங்குகளில் நிறுத்திப் படமெடுத்தார்கள். ஃபிளாரன்ஸ் தாமஸ் என்னும் சிற்பி இந்த வேலையில் பெயர் பெற்றவர். டிஸ்னி கதைகளை வெளியிடும் உரிமை, ட்ரூ வியூ என்ற போட்டி நிறுவனத்தை 1951-இல் சாயர்ஸ் விலைக்கு வாங்கியபோது அதனுடன் சேர்ந்து வந்தது. என் கருத்தில், சேகரிப்பவர் முதலில் தேட வேண்டியவை படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்ட வட்டுகளே. திரையில் எந்தக் கோணத்திலும் தெரியாத ஒரு சுவரோ, ஒரு விளக்கோ, நடிகரின் தோளுக்குப் பின்னால் ஒரு மேசையோ அவற்றில் பதிந்திருக்கும். திரைப்படத்தின் நகலாக அவற்றை எண்ணி ஒதுக்குபவர்கள் இதைக் காண்பதே இல்லை.

கேள்வி: என் வட்டுகளில் வெண்மையான கோடுகள் படர்கின்றன. துடைத்தால் போகுமா? எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், மண்டபம்

பதில்: அது பூஞ்சை. தண்ணீரால் துடைக்கவே வேண்டாம். படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் நீர்பட்டால் ஊறிவிடும். அட்டையும் வளைந்து பெட்டிக்குள் சிக்கிக்கொள்ளும். மேலே படிந்த தூசியை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் நீக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே வட்டுகளை அவற்றின் உறைகளோடு, இறுக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, பொட்டலங்களை அவ்வப்போது மாற்றி வாருங்கள். கடலோர வீட்டில் இரும்பு பீரோ அதற்கு ஏற்ற இடமன்று, உள்ளே வியர்க்கும். உப்புக்காற்று உண்மையிலேயே தாக்குவது பெட்டியைத்தான். பேக்கலைட் என்னும் பழைய வகைக் கெட்டி பிளாஸ்டிக்காலான உடல் கெடாது, ஆனால் நெம்புகோலை இழுக்கும் வில்கம்பி துருப்பிடிக்கும். உள்விளக்கு உள்ள மாதிரியானால் பேட்டரியைக் கழற்றி வைப்பது கட்டாயம்.

கேள்வி: ராமேஸ்வரம் கோயில் கடைகளில் சங்கு, சிப்பிப் பொருள்களோடு விற்கும், சாமி படங்கள் தெரியும் சிறிய பிளாஸ்டிக் டி.வி. பொம்மைகளை இந்தச் சேகரிப்பில் சேர்க்கலாமா? புதிதாக வாங்கும் வட்டுகள் பழைய பெட்டியில் ஓடுமா?
– வாசகி, பாம்பன்

பதில்: அந்தப் பொம்மையில் ஒரு கண்ணால் ஒரு படத்தைத்தான் பார்க்கிறோம் என்பதால் அது வேறு வகை. ஆனாலும் தாராளமாகச் சேர்த்து வையுங்கள். யாத்திரை வந்த குழந்தைகள் வீட்டுக்கு எடுத்துச் சென்ற முதல் படப்பெட்டி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், அதை யாரும் பொருட்படுத்திப் பாதுகாக்கவும் இல்லை. வட்டுகளைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். ஆரம்ப கால வட்டின் அளவே பின்னரும் தொடர்ந்ததால், பின்னாளில் வியூ மாஸ்டரைத் தன்வசமாக்கிய மாட்டெல் நிறுவனத்தின் காலத்தில் வந்த வட்டையும் பழைய பேக்கலைட் பெட்டியில் போட்டுப் பார்க்கலாம். ஒலியோடு வந்த 'பேசும்' வட்டுகளுக்கு மட்டும் அவற்றுக்கான தனிப் பெட்டி வேண்டும். 2015-இல் வியூ மாஸ்டர் பெயரிலேயே வந்த, கைபேசியைச் செருகிப் பார்க்கும் கருவியில் பழைய வட்டுகள் எதுவும் நுழையாது. வாங்குமுன் விற்பவரிடம் எந்த மாதிரி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.