மருத்துவம் படிக்காதவர் சுகாதாரக் கொள்கை, திட்டமிடல், நிதி பற்றிய முதுகலைப் படிப்பில் சேர முடியுமா?

தாராளமாகச் சேரலாம். லண்டனில் இந்தப் படிப்பை லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் (எல்.எஸ்.இ.) லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசினும் சேர்ந்து நடத்துகின்றன. முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு. பொருளாதாரம், சமூக அறிவியல் படித்தவர்களும் மருத்துவர்களும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள்.

என் பார்வையில் இதன் உயிர்நாடி நிதிப் பாடம்தான். சிகிச்சைச் செலவை யார், எப்போது கொடுப்பது? ஜெர்மனி 1883இல் தொழிலாளர், முதலாளி இருவரின் சந்தாவில் மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியது. பிரிட்டன் 1948இல் பெரும்பாலும் வரிப்பணத்தை நம்பி என்.எச்.எஸ். என்ற தேசிய சுகாதாரச் சேவையை அமைத்தது. நோயாளி கைக்காசு போடும் பங்கு கூடக் கூட, ஏழைகள் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள், கடனிலும் விழுகிறார்கள். இதைத் தடுக்கும் வழிகளை எண்களோடு வாதிடக் கற்பதற்காகவே சேரலாம். கணக்குக்குப் பயந்து ஒதுங்காதீர்கள். புள்ளியியல் அடிப்படையை மட்டும் முன்கூட்டியே ஒருமுறை புரட்டிவிடுங்கள்.