கத்திக்கு முன்னால் ஊசி: நாய்த் தோலில் கட்டி, கேள்வி பதில்

கேள்வி (கோவை): எங்க லேப்ரடாருக்கு ஒன்பது வயசு, டாக்டர். விலாப்பக்கம் எலுமிச்சை அளவுக்கு மெத்துன்னு ஒரு கட்டி. தொட்டா நழுவுது, வலி இல்லை. வெறும் கொழுப்புக் கட்டி, விட்டுடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. விட்டுடலாமா?

பதில்: கொழுப்புக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் எல்லாரும் விரலால் தொட்டுப் பார்த்துத்தானே சொல்லியிருப்பார்கள்? தோலுக்கு அடியில் வரும் மாஸ்ட் செல் கட்டி என்ற புற்றுநோய்க் கட்டியும் இதே போல மெத்தென்று இருக்கும், இதே போல நழுவும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஊசி குத்தி எடுத்ததை ஸ்லைடில் தள்ளினால், கொழுப்புக் கட்டி எண்ணெய்ச் சொட்டு போலப் பளபளக்கும். மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் காயாது. சாயம் ஏற்றுவதற்கு முன் மெத்தனாலில் முக்கும்போது அந்தக் கொழுப்பு கரைந்து ஓடிவிடும், ஸ்லைடு ஏறக்குறைய காலியாகத் தெரியும். அதனால் மாதிரியை அனுப்பும் டாக்டர் ‘சாயத்துக்கு முன் எண்ணெய்ப் பசை இருந்தது’ என்று சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஊசி கட்டியை விட்டு விலகி, பக்கத்தில் இருக்கும் சாதாரணக் கொழுப்பில் குத்தினாலும் இதே எண்ணெய்தான் வரும். கட்டி கெட்டியாக இருந்து ரிப்போர்ட் மட்டும் கொழுப்பு என்று வந்தால் இன்னொரு முறை குத்திப் பாருங்கள்.

கொழுப்புதான் என்று உறுதியானால் அளந்து எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாக விடலாம். அக்குளில் வந்து நடைக்கு இடைஞ்சல் செய்தாலோ, கிடுகிடுவென்று வளர்ந்தாலோ, அடிச்சதையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் போனாலோ மறுபடி காட்டுங்கள்.

கேள்வி (திருச்சி): அந்த ஊசி சோதனையை எப்படிச் செய்வாங்க? மயக்கம் கொடுக்கணுமா?

பதில்: பெரும்பாலும் மயக்கம் வேண்டாம். தடுப்பூசி போடுகிற வலிதான். கண் இமை, விரல் இடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் என்றால் லேசான மயக்கம் தேவைப்படலாம்.

22 அல்லது 23 கேஜ் ஊசி, 5 மில்லி சிரிஞ்ச், நாலைந்து சுத்தமான ஸ்லைடுகள். இவ்வளவுதான் சாமான். இடது கையால் கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு ஊசியை உள்ளே செலுத்தி, வெளியே எடுக்காமலே திசையை மாற்றி மாற்றி ஐந்தாறு முறை குத்துவார்கள். சிரிஞ்சை இழுக்காமல் வெறும் ஊசியால் குத்தும் முறையில் ரத்தம் குறைவாக வரும், செல்களும் சிதையாது. இழுத்து எடுக்கும் முறை என்றால் ஊசியை வெளியே எடுப்பதற்கு முன்பே இழுவையை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் ஊசித் துளைக்குள் இருந்த மாதிரி மொத்தமும் சிரிஞ்சுக்குள் தெறித்துப்போய், ஸ்லைடில் வைக்க ஒன்றும் மிஞ்சாது.

அதன்பின் சிரிஞ்சில் காற்றை நிரப்பி, ஊசியில் இருப்பதை ஸ்லைடில் ஊதித் தள்ளி, இன்னொரு ஸ்லைடை மேலே வைத்து அழுத்தாமல் வழித்து, காற்றில் காயவிட வேண்டும். தீயில் காட்டக் கூடாது. ஒரு ஸ்லைடுக்கு அங்கேயே சாயம் ஏற்றி, செல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாயை அனுப்பினால் அலைச்சல் மிச்சம். வெறும் ரத்தத்தை லேபுக்கு அனுப்பி மூன்று நாள் காத்திருந்து ‘மாதிரி போதாது’ என்று வாங்குவதில் என்ன பயன்?

பெரிய கட்டியின் நடுப்பகுதி செத்துப்போய்க் கூழாக இருக்கும், அதனால் ஓரத்தில் குத்த வேண்டும். புண்ணான கட்டியில் மேலாக எடுத்தால் சீழ் செல் மட்டுமே வரும். இன்னொன்று, இந்த ஸ்லைடுகளை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் போட்டு அனுப்பாதீர்கள். அந்த ஆவி பட்டாலே செல் சாயம் ஏறாமல் கெட்டுவிடும். இது அடிக்கடி நடக்கிற தவறு.

கேள்வி (சேலம்): ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரே?

பதில்: தோல் கட்டிகளில் அந்தப் பயம் வேண்டாம். சிறுநீர்ப்பைக் கட்டியில் வெளியிலிருந்து ஊசி குத்துவதைத் தவிர்ப்பார்கள், அந்தப் பேச்சுதான் எல்லாக் கட்டிக்கும் ஒட்டிக்கொண்டது. என்ன கட்டி என்று தெரியாமல் குறைவாக வெட்டி, மிச்சத்தை உள்ளே விடுவதுதான் உண்மையான ஆபத்து.

கேள்வி (சென்னை): என் பக் நாய்க்குத் தொடையில் ஒரு சின்னக் கட்டி. சில நாள் பெரிசா சிவந்து இருக்கு, ரெண்டு நாள்ல சுருங்கிடுது. சொறிஞ்சுகிட்டே இருக்கான். அலர்ஜியா இருக்குமா மேடம்?

பதில்: பெரிதாகிச் சுருங்குகிற கட்டி என்று கேட்டாலே முதலில் மாஸ்ட் செல் கட்டி என்றுதான் சந்தேகப்பட வேண்டும். நாய்த் தோலில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இதுதான். பக், பாக்ஸர், லேப்ரடார் இனங்களில் கூடுதல். அந்தச் செல்களுக்குள் ஹிஸ்டமின் என்ற, வீக்கமும் அரிப்பும் உண்டாக்கும் பொருள் நிரம்பிய துகள்கள் இருக்கின்றன. அழுத்தினாலோ சொறிந்தாலோ அவை கொட்டி, சுற்றுப்புறம் வீங்கிச் சிவந்துவிடும். எனவே அமுக்கிப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அதே ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைக் கூட்டிப் புண்ணாக்கும். தார் போலக் கறுத்த மலம், வாந்தி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் குத்துவதற்கு முன், ஹிஸ்டமினை அடக்கும் டைஃபென்ஹைட்ரமின் ஊசி போட்டுக்கொள்வது வழக்கம்.

ஸ்லைடில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வட்டமான செல், உள்ளே ஊதா நிறத்தில் கடுகு கொட்டினாற்போலத் துகள்கள். ஒரே ஒரு பொறி. க்ளினிக்குகளில் இருக்கும் அவசரச் சாயத்தில் சில மாஸ்ட் செல்களின் துகள்கள் நிறம் பிடிக்காது. சந்தேகமாக இருந்தால் லீஷ்மன், ஜீம்சா, அல்லது டொலுயிடின் நீலம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர் தெரிந்த பிறகு அடுத்த கேள்வி, எவ்வளவு தீவிரம்? பக் நாய்களுக்குப் பல கட்டிகள் வந்தாலும் பெரும்பாலும் சாதுவானவைதான். ஆனாலும் பக்கத்து நெறி (நிணநீர் முடிச்சு) வீங்காமல் இருந்தாலும் அதிலும் ஊசி குத்திப் பார்க்க வேண்டும். தொடைக்கட்டி என்றால் முழங்காலின் பின்புற நெறி, கவட்டி நெறி இரண்டையும். கட்டியை எடுக்கும்போது சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. நல்ல தோலும், அடியில் ஒரு சவ்வடுக்கும் சேர்த்து எடுப்பார்கள். காலில் அவ்வளவு தோல் கிடைக்காது, முன்பே திட்டமிட வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை சோதனையும்.

எடுத்த கட்டியை நோயியல் நிபுணர் தரம் பிரிப்பார். 1984 முதல் இருந்த மூன்று தர முறையில் நடுத்தரத்திலேயே பெரும்பாலானவை போய் விழுந்தன, குழப்பம் தீரவில்லை. 2011இல் வந்த முறையில் இரண்டே தரம். நுண்ணோக்கியின் அதிக உருப்பெருக்கத்தில் பத்துப் புலங்களில் 7 அல்லது அதற்கு மேல் பிரியும் செல்கள் தென்பட்டால் அதுவே உயர் தரம். வேறு சில அளவுகோல்களும் உண்டு. ரிப்போர்ட்டில் இரண்டு முறைப்படியும் எழுதச் சொல்லி வாங்குங்கள். தோலுக்கு அடியில் வரும் வகைக்கு மட்டும் இந்தத் தரங்கள் பொருந்தாது.

கேள்வி (ஈரோடு): பிரெட்னிசலோன் மாத்திரை கொடுத்ததும் கட்டி பாதியாச்சு. அப்போ கேன்சர் இல்லதானே?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு. மாஸ்ட் செல் கட்டியும், லிம்போமா என்ற நிணநீர்ச் செல் புற்றுநோயும் ஸ்டீராய்டுக்குச் சுருங்குகிற கட்டிகள். சுருங்கிய பிறகு எடுக்கிற மாதிரியில் செல்லே கிடைக்காமல் போகலாம். ஊசி சோதனைக்குப் பிறகுதான் ஸ்டீராய்டு, இந்த வரிசை மாறக் கூடாது. இப்போது மாத்திரையைத் திடீரென்றும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைத்துவிட்டு மாதிரி எடுங்கள்.

கேள்வி (பாண்டிச்சேரி): பத்து மாச டாஷ்ஹண்ட் குட்டி. காது மடலில் முடி இல்லாமல் சிவப்பா ஒரு குமிழ், சட்டைப் பித்தான் மாதிரி. ரெண்டு வாரத்துல வந்தது. வெட்டிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இந்த வயது, இந்த இடம், இந்த உருவம் மூன்றும் ஹிஸ்டியோசைட்டோமா என்ற கட்டியைச் சொல்கின்றன. மூன்று வயதுக்கு உட்பட்ட நாய்களில் சகஜம். உடம்பின் எதிர்ப்புச் செல்களே அதைத் தாக்கிக் கரைத்துவிடும், இரண்டு மூன்று மாதம் ஆகும். கரையும் சமயத்தில் புண்ணாகித் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து ஸ்டீராய்டு கொடுத்தால் கரைகிற வேலையே நின்றுவிடும். ஆனால் ஊசி சோதனை செய்து உறுதிப்படுத்திவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேலும் இருந்தால் எடுத்துவிடலாம்.

கேள்வி (மதுரை): முன்னங்காலில் கெட்டியான கட்டி. ஊசி சோதனை ரெண்டு தடவை செஞ்சும் ‘கதிர் வடிவச் செல்கள் சில, முடிவு சொல்ல இயலாது’ன்னு வருது. டாக்டர் சதைத்துண்டு எடுக்கணும்ங்கிறார். நேரா முழுசா எடுத்துட்டா என்ன?

பதில்: உங்கள் டாக்டர் சொல்வது சரி. மென்திசு சார்கோமா (தோலுக்கு அடியில் உள்ள மென்மையான திசுக்களில் வரும் புற்றுநோய்) வகைக் கட்டிகளில் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கிப் பின்னிக்கிடக்கும், ஊசிக்கு எளிதில் வராது. ஆறின தழும்புத் திசுவிலும் அதே கதிர் வடிவச் செல்கள்தான் வரும். இரண்டையும் செல்லை வைத்துப் பிரிக்க முடியாது, திசுவின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டி ஆளை ஏமாற்றும். சுற்றி ஒரு உறை இருப்பது போலத் தெரியும், விரலை விட்டால் பலாச்சுளை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ‘சுத்தமாக வந்துவிட்டது’ என்று சந்தோஷப்படுவார்கள். அந்த உறையே நசுங்கிய கட்டிச் செல்களால் ஆனது, ஆகவே அதே இடத்தில் திரும்பவும் வளரும். இரண்டாம் முறை காலில் தைக்கத் தோல் இருக்காது.

மாதிரிக்கு 6 அல்லது 8 மி.மீ. பஞ்ச் கருவியோ (வட்டமாகத் துண்டு வெட்டி எடுப்பது), ஆப்புப் போல ஒரு வெட்டோ போதும். அந்த வெட்டு, பிறகு முழுக் கட்டியோடு சேர்த்து எடுக்கப்படும் இடத்திலேயே இருக்க வேண்டும், காலின் நீளவாக்கில். துண்டை 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். கடையில் வாங்கும் அடர் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. சோடியம் ஃபாஸ்பேட் உப்புகள் சேர்த்த நடுநிலைக் கரைசலாக இருந்தால் நல்லது. திசு ஒரு பங்கு என்றால் கரைசல் பத்துப் பங்கு. வாய் அகன்ற டப்பா. ஃபார்மலின் ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும், அதனால் 1 செ.மீ.க்கு மேல் தடிப்பான கட்டியை ரொட்டி போலக் கீறிப் போடுவார்கள், அடிப்பக்கம் ஒட்டியபடியே இருக்க. கீறாமல் போட்டால் வெளியே பதமாகி நடுவில் அழுகியிருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் பனிக்கட்டி செல்களைக் கிழித்துவிடும்.

கேள்வி (திண்டிவனம்): நான் சோறு வைக்கிற தெரு நாய்க்குப் பிறப்புறுப்பில் காலிஃப்ளவர் மாதிரி சதை வளர்ந்து ரத்தம் சொட்டுது. இப்போ மூக்கிலும் வீக்கம். காப்பாத்த முடியுமா?

பதில்: தாராளமாக முடியும் அம்மா. இது இனச்சேர்க்கையில் நாய்க்கு நாய் தொற்றுகிற கட்டி, டாக்டர்கள் டி.வி.டி. (TVT) என்பார்கள். நோய்க்கிருமி எதுவும் இல்லை, கட்டிச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாயில் ஒட்டி வளர்கிறது. நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள் என்றால் இந்தக் கட்டிச் செல்லில் ஏறக்குறைய 59. மோப்பம் பிடிப்பதாலும் நக்குவதாலும் மூக்கிலும் தோலிலும் வரும்.

கண்ணாடி ஸ்லைடை அந்த ரத்தச் சதையில் ஒற்றி எடுத்தாலே போதும். வட்டச் செல்லுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வெற்றுக் குமிழிகள் தெரியும். சிகிச்சை, வின்கிறிஸ்டின் ஊசி வாரம் ஒன்று, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். ஒவ்வொரு முறையும் வெள்ளையணு எண்ணிக்கை பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை வெந்து உதிர்ந்துவிடும், எனவே நாயை ஆடாமல் பிடிக்க ஆள் வேண்டும். ஊசி போட்ட சில நாட்களுக்கு அதன் சிறுநீர், மலத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இரண்டு ஊசியில் கட்டி மறைந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

கேள்வி (ராஜபாளையம்): வெள்ளை ராஜபாளையம் நாய். அடிவயிற்றுத் தோல் ரோஸ் நிறம், வெயிலில் மல்லாந்து படுக்கும். அங்கே ஆறாத ஒரு புண், கட்டின்னு சொல்ல முடியாது.

பதில்: நிறமி இல்லாத, முடி குறைந்த தோலில் வெயில் பட்டுப் பட்டு வருகிற செதிள் செல் புற்றுநோய் பல சமயம் கட்டியாகவே இருக்காது, ஆறாத புண்ணாகத்தான் இருக்கும். புண்ணின் நடுவில் எடுக்காமல், கெட்டியான விளிம்பில் பஞ்ச் வைத்துத் திசு எடுக்கச் சொல்லுங்கள். இனி காலை பத்து மணிக்கு மேல் நிழல்தான்.

கேள்வி (நாகர்கோவில்): கறுப்பு லேப்ரடார், நகத்துக்கடியில் வீக்கம். நகம் விழுந்துடுச்சு. மூணு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் முடிஞ்சும் ஆறல.

பதில்: நாலாவது கோர்ஸ் வேண்டாம். ஒரே விரலில் மட்டும் இப்படி என்றால் எக்ஸ்ரே எடுங்கள். விரல் நுனி எலும்பு அரித்திருந்தால் செதிள் செல் புற்றுநோய் அல்லது மெலனோமா (நிறமிச் செல் கட்டி) இருக்கலாம். முடி உள்ள தோலில் வரும் மெலனோமா பெரும்பாலும் சாது, நகக்கண்ணில் வருவது அப்படி இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே மூன்று கோணத்தில், நெறியில் ஊசி சோதனை, பிறகு விரலை எடுத்து அப்படியே பரிசோதனைக்கு. எலும்பை அமிலத்தில் மிருதுவாக்கித்தான் வெட்டுவார்கள், ரிப்போர்ட் ஒரு வாரம் பத்து நாள் தள்ளியே வரும்.

நம் ஊர் நாய்களுக்கு இன்னொன்று. உண்ணிக் காய்ச்சல், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்து வைத்திருக்கும், வெளியே தெரியாது. எந்தக் கட்டி அறுவைக்கு முன்னும் தட்டணு எண்ணிக்கை பார்க்காமல் மேசையில் ஏற்றாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மருவுக்கு மாதிரி நூல் கட்டி விழ வைக்கலாமா? சுண்ணாம்பு?

பதில்: கூடாது. அழுகும், ஈ மொய்த்துப் புழு வைக்கும், பரிசோதிக்கத் திசுவும் இருக்காது.

கேள்வி (வேலூர்): போன மாசம் ஒரு இடத்தில் கட்டியை எடுத்தாங்க. சோதனைக்கு அனுப்பல, தூக்கிப் போட்டுட்டாங்க. இப்போ என்ன செய்யட்டும்?

பதில்: எடுத்த இடத்தில் ஸ்லைடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சாயம் ஏற்றாதது இருந்தாலும் உபயோகம். இல்லையென்றால் தழும்பை ஐந்து ரூபாய் நாணயம் பக்கத்தில் வைத்து இன்றே படம் எடுத்து, மாதம் ஒரு முறை அதே போல எடுத்து ஒப்பிடுங்கள். தழும்பில் பட்டாணி அளவு தடிப்பு வந்தாலோ, சின்னதாக வந்து ஒரு மாதம் நின்றாலோ ஊசி சோதனை. பக்கத்து நெறியை இப்போதே குத்திப் பார்த்துவிடலாம். ஆறிய தழும்பை மறுபடி வெட்டச் சொல்லி இன்றைக்கே யாரையும் கேட்காதீர்கள், எவ்வளவு அகலம் வெட்டுவது என்று சொல்ல யாரிடமும் இப்போது விவரம் இல்லை.