பிரெஞ்சுப் புரட்சியின் படையில் பிரபுக்களும் இருந்தார்களா?

இருந்தார்கள், தளபதிகளாகவே. கோம்த் (பிரெஞ்சுப் பிரபுப் பட்டம்) தெ கியூஸ்தீன் என்பவரைப் பாருங்கள்.

1740இல் மெட்ஸ் நகரில் பிறந்த பிரபு. 1756 முதல் 1763 வரை ஐரோப்பிய நாடுகள் மோதிய ஏழாண்டுப் போரில் சண்டையிட்டார். அப்புறம் அமெரிக்க விடுதலைப் போருக்குப் போன பிரெஞ்சுப் படையில் ஒரு ரெஜிமென்டுக்குத் தலைமை தாங்கி, 1781இல் யார்க்டவுன் முற்றுகையிலும் பங்கெடுத்தார். 1789இல் மெட்ஸ் பிரபுக்களின் பிரதிநிதியாக எஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற பிரதிநிதிகள் சபைக்கு வந்தார். பல பிரபுக்கள் நாட்டைவிட்டு ஓடியபோதும் அவர் புரட்சியின் பக்கமே நின்றார்.

1792 இலையுதிர்காலம்தான் அவருடைய உச்சம். ஸ்பையர், வோர்ம்ஸ், மைன்ஸ், ஃபிராங்ஃபர்ட் என்று ரைன் பகுதி நகரங்கள் சில வாரங்களுக்குள் அவர் கைக்கு வந்தன. பெரிய மீசை வைத்திருந்ததால் வீரர்கள் அவரை 'ஜெனரல் மீசை' என்றே அழைத்தார்கள். ஆனால் டிசம்பரிலேயே ஃபிராங்ஃபர்ட் பறிபோனது.

1793 மே மாதம் வடக்குப் படையின் தலைமை அவருக்குக் கிடைத்தது. கட்டுப்பாடு குலைந்திருந்த படையை ஒழுங்குபடுத்துவதில் நேரத்தைச் செலவிட்டார். எனக்கு அது நியாயமான முடிவாகவே படுகிறது. பாரிஸுக்கு அப்படித் தெரியவில்லை; துமூரியே என்ற தளபதி ஏப்ரலில்தான் எதிரியான ஆஸ்திரியர்களிடம் ஓடியிருந்ததால் தளபதிகள் மீது சந்தேகம் இருந்தது. ஜூலையில் வட எல்லையிலிருந்த கோந்தே கோட்டை எதிரியிடம் விழுந்ததும் கியூஸ்தீனைக் கைது செய்தார்கள். அடுத்த நாளே மைன்ஸும் சரணடைந்தது. துரோகக் குற்றம் சாட்டி ஆகஸ்ட் 28 அன்று கில்லட்டினில் தலையை வெட்டினார்கள். அவர் தோற்றது உண்மை, துரோகம் செய்ததாக நான் நம்பவில்லை. அவருக்காகப் பேசிய மகனுக்கும் 1794 ஜனவரியில் அதே தண்டனைதான்.